படுக்கையறையில் பாட்டுப் பதிவு: அறையின் சத்தத்தை எப்படி அடக்குவது?

வீடு மாற்றும் நாளில் இதைக் கவனித்திருப்பீர்கள். சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கக் கடைசியாக ஒருமுறை உள்ளே போய், "எல்லாம் எடுத்தாச்சா?" என்று குரல் கொடுக்கிறீர்கள். யாரோ பக்கத்தில் நின்று சேர்ந்து சொன்ன மாதிரி அந்தக் குரல் சுவர்களில் பட்டுக் கணகணவென்று திரும்பி வருகிறது. நேற்று வரை அதே அறையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். கட்டில், மெத்தை, திரைச்சீலை, கொடியில் கிடந்த துணி எல்லாம் போனதும் அறை தன் குரலில் பேச ஆரம்பித்துவிட்டது.

படுக்கையறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றுவதில் முக்கால்வாசி வேலை, அறையின் இந்தப் பேச்சைக் குறைப்பதுதான். புதிதாக இறங்குபவர்கள் எந்த மைக் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். மைக் நல்லதாக ஆக ஆக, அறையின் குறையையும் அது துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். என்னைக் கேட்டால், மைக்குக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை அறைக்குத் திருப்புங்கள் என்பேன். சாதாரண மைக்கும் பக்குவப்பட்ட அறையும் சேர்ந்தால் கிடைக்கும் பதிவு, விலையுயர்ந்த மைக்கை வெறும் அறையில் வைத்தால் கிடைக்காது.

நான் பதிவு செய்யும் அறையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது படுக்கையறை. 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். உங்கள் அறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெளிச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்து 'சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்' என்ற பெயரில் விற்பதை வாங்கி ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி இன்னும் கேட்கிறதே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும். கூடவே இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். ஃபோமில் இரண்டுமே கிடையாது. நம் செங்கல் சுவர் ஏற்கெனவே போதுமான கனம்தான். சத்தம் வருவது கதவின் அடி இடுக்கு, ஜன்னல் விளிம்பு, ஏசி குழாய்க்குப் போட்ட துளை ஆகியவற்றின் வழியாக. அந்த இடுக்குகளை ரப்பர் பட்டையும் சிலிக்கான் பசையும் வைத்து அடைத்தால் கண்டிப்பாக வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் போனால் கட்டட வேலை. வாடகை வீட்டில் அது நடக்காது. இரவு பதினொன்றுக்கு மேல் பதிவு வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இனி பேசப்போவது முழுக்க இரண்டாவது வேலையைப் பற்றி.

திரும்பி வரும் ஒலி

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். வெறும் அறையாக இருந்தால், தட்டலுக்குப் பின்னால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சிறு நடுக்கம் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒலியைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி வீசிக்கொள்கின்றன. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 3 மில்லி நொடி போதும். பாடகர் வாயிலிருந்து ஒலி நேராக மைக்குக்கு வருகிறது. அதே ஒலி சுவரில் பட்டு, பத்துப் பதினைந்து மில்லி நொடி பிந்தி மறுபடியும் மைக்குக்குள் வருகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியில் வருவதைக் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை. குரலோடு சேர்ந்து, டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. இப்படிப் பதிவான பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது.

இதை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் கிளமென்ட் சபீன். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியர். அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை; ஒரு சொல்லைச் சொன்னால் அது சுமார் 5.5 நொடி அரங்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் பொறுப்பு சபீனிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவு நேரத்தில், பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்து வருவார். ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி மறுபடி அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். இப்படி எத்தனையோ இரவுகள் உழைத்துக் கண்டுபிடித்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதை வைத்து வடிவமைத்த பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-ல் திறந்தது.

சபீன் எடுத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்றால் ஒலியை நூற்றுக்கு நூறு உறிஞ்சும் ஒரு சதுர மீட்டர். சிமென்ட் பூசிய சுவர் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் உறிஞ்சும். மீதி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடும்.

சூத்திரம் எளிது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்தம் எத்தனை சதுர மீட்டர் 'திறந்த ஜன்னல்' இருக்கிறதோ அதனால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) குறைந்து அடங்க எத்தனை நொடி ஆகும் என்று வரும். என் அறை சுமார் 34 கன மீட்டர். எல்லாம் வெறும் சிமென்ட்டும் டைல்ஸும் என்றால் கணக்கு 2 நொடியைத் தாண்டுகிறது. குரல் பதிவுக்கு 0.3 நொடி அளவில் இருந்தால் நல்லது. அதற்குச் சுமார் 18 சதுர மீட்டர், அதாவது 195 சதுர அடி திறந்த ஜன்னல் வேண்டும். தரையே 120 சதுர அடிதான்! மூலைக்கு ஒன்றாக நாலு ஃபோம் துண்டு ஒட்டினால் ஏன் ஒன்றுமே மாறுவதில்லை என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரிந்துவிடும். சின்ன அறையில் இந்தச் சூத்திரம் நடு, மேல் ஒலிகளுக்குத்தான் ஓரளவு பொருந்தும். தாழ்ந்த சுருதியில் இருக்கும் கீழ் ஒலி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கீழ்ப் பஞ்சமம் வீங்கிய கதை

ஒரு கட்டை சுருதியில் பாடும் தம்பி ஒருவரைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவருடைய மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு. ஆலாபனையில் மெல்ல இறங்கிக் கீழ்ப் பஞ்சமத்தில் நின்றார். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் 'கும்ம்' என்று பானைக்குள் பாடியது போல வீங்கியது. மேலே தைவதத்துக்குப் போனால் சரியாகிவிடும். மறுபடி பஞ்சமத்துக்கு வந்தால் வீங்கும். "அண்ணா, நான்தான் அழுத்திப் பாடுறேனா?" என்று அவர் கேட்டார். நாலு முறை பாடவைத்தேன். நாலு முறையும் அப்படியேதான் வந்தது.

பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர், அதாவது 1145 அடி போகும். 12 அடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், போய்த் திரும்ப 24 அடி. 1145-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 48 ஹெர்ட்ஸ். அந்த ஒலி வந்தால், சரியான நேரத்தில் தள்ளிவிட்ட ஊஞ்சல் மாதிரி போகப் போகப் பெரிதாகும். அதன் இரட்டிப்பான 95 ஹெர்ட்ஸுக்கும் இதேதான். ஒரு கட்டையின் கீழ்ப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அறை தன் சொந்த சுருதியைச் சேர்த்துப் பாடியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த 95 ஹெர்ட்ஸ் அறை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நீளவாக்கில் பார்த்தால் இரு முனைச் சுவர்களிலும் அறையின் சரி நடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து 3 அடியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. நான் மைக்கை எங்கே வைத்திருந்தேன்? அழகாக நட்ட நடுவில், மின்விசிறிக்குக் கீழே. பாடகரையும் மைக்கையும் சேர்த்து முனைச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்கிற மாதிரி நகர்த்தினேன். பஞ்சமம் மற்ற ஸ்வரங்களோடு சமமாக உட்கார்ந்துவிட்டது. செலவே இல்லாத சிகிச்சை இது; அதனால்தான் எதையும் வாங்குவதற்கு முன்னால் அறைக்குள் நாலைந்து இடத்தில் நின்று பாடிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அகலமும் உயரமும் 10 அடியாகவே இருந்தால் இரண்டும் 57, 114 ஹெர்ட்ஸ் என்று ஒரே இடத்தில் சேர்ந்து வீங்கும். ஆண் பேச்சுக் குரலின் அடிப்பகுதி இந்த 114-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை இருப்பதிலேயே மோசம். வீட்டில் இரண்டு அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் சதுர அறையை விட்டுவிடுங்கள்.

தடிமன்தான் எல்லாம்

பஞ்சு, ஃபோம், துணி எல்லாம் ஒலியை எப்படி உறிஞ்சுகின்றன? ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. அந்த அசைவு இழைகளுக்குள் புகுந்து உரசும்போது வலு குறைந்து, இம்மியளவு வெப்பமாகிவிடுகிறது. ஆக, காற்று நன்றாக அசையும் இடத்தில் இழை இருந்தால்தான் பலன்.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு ஒட்டி நிற்பவர் நசுங்குவாரே தவிர, நகர மாட்டார். நாலடி தள்ளி நிற்பவர்தான் முன்னும் பின்னும் அலைக்கழிவார். காற்றும் அப்படித்தான். சுவரை ஒட்டி அழுத்தம் இருக்கும், அசைவு இருக்காது. அசைவு உச்சத்துக்கு வருவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தத் தூரம் சுமார் 9 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 87 சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி. சுவரோடு ஒட்டிய ஓரங்குல ஃபோம், கீழ் ஒலியைப் பொறுத்தவரை, நகராத காற்றுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் மெல்லிய ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டிய அறை இன்னும் மோசமாகிறது. 'ஸ்', 'ச்' போன்ற மேல் ஒலிகளை எல்லாம் அது விழுங்கிவிடும். கீழே இருக்கும் கும்மல் அப்படியே நிற்கும். போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி மூச்சடைத்த பதிவு வரும். சிலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டையும் இதே ரகம்தான். மெல்லிய காகிதக் கூழ், உள்ளே வெறும் காற்று. மேல் ஒலியில் சின்ன மாற்றம் காட்டுவதோடு சரி.

இவை தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2003 பிப்ரவரி 20-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில், மேடையில் கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டு, சில நிமிடங்களுக்குள் தீ மண்டி 100 பேர் இறந்தார்கள். நாம் தூங்குகிற அறை இது. ப்ளக் பாயின்ட்டுகளும் எக்ஸ்டென்ஷன் ஒயர்களும் நிறைந்த அறையும் கூட. முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள், தயவுசெய்து.

நல்ல பொருள் ராக்வூல். பசால்ட் போன்ற கல்லை உருக்கி இழையாக்கியது, தீப்பிடிக்காது. பாய்லர், ஏசி குழாய்களுக்குச் சுற்றும் இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் பலகை வடிவில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி உள்ளதைக் கேளுங்கள். இரண்டு அங்குலப் பலகை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் நாலு அங்குலம். பலகை என்ன அளவில் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்குத் தகுந்தபடி ரீப்பர் கட்டையில் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். தச்சர் ஒரே நாளில் ஏழெட்டு சட்டம் முடித்துக் கொடுத்துவிடுவார். முன்னும் பின்னும் காடாத் துணியை இழுத்துக் கட்டி மூடிவிட வேண்டும். எந்தத் துணி சரி என்று பார்க்க ஒரு வழி: துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்சின், தடித்த பாலியெஸ்டர் வேண்டாம். ராக்வூல் இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சிலும் போகும். வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

சட்டத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், நாலு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அசைகிற காற்றின் பக்கம் இழையைக் கொண்டுபோகிறோம். காசில்லாமல் பலன் கூடுகிறது. நாலு அங்குல ராக்வூலும் நாலு அங்குல இடைவெளியும் சேர்ந்தால் 125 ஹெர்ட்ஸ் வரைக்கும் நன்றாகவே வேலை செய்யும். மழைக்காலத்தில் சுவர் ஓதமெடுத்தால் பின்னால் காற்றோட்டம் இருப்பது பூஞ்சைக்கும் நல்லது. வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்றால், சட்டத்துக்கு இரண்டு கால் வைத்து நிற்கவைத்துவிடலாம்.

எதை எங்கே வைப்பது

குரல் மட்டும்தான் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் இடம் பாடுபவரின் முதுகுப் பக்கம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் வளைந்த ஃபோம் தட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். குரலுக்கு நாம் பயன்படுத்தும் பெரும்பாலான மைக்குகள் கார்டியாய்டு வகை. முன்னால் வருவதைக் கேட்கும், பின்னால் வருவதை விட்டுவிடும். மைக்கின் முன்பக்கம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? பாடுபவரையும், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே அந்தச் சுவரைத்தான் மூட வேண்டும். ராக்வூல் வாங்குவதற்கு முன்னால், கட்டிலில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் பாடுபவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் துணி அலமாரியைத் திறந்து வைத்துவிடுங்கள். கீழே ஒரு ஜமுக்காளம். இந்த மூன்றிலேயே பாதி தூரம் வந்துவிடலாம்.

ஸ்பீக்கர் வைத்து மிக்ஸிங்கும் (பதிவு செய்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்ப்பது) செய்வீர்கள் என்றால் மேசையைக் குறுகிய சுவரைப் பார்த்துப் போடுங்கள். இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். தலை அந்தச் சுவரிலிருந்து நான்கரை அடி அளவில் இருந்தால் நல்ல ஆரம்பம். அப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேலை. நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் எந்த இடத்தில் ஸ்பீக்கர் உங்களுக்குத் தெரிகிறதோ அங்கே ஒரு பென்சில் புள்ளி. ஒலி பட்டு நேராக உங்கள் காதுக்கு வரும் இடம் அதுதான். அங்கே ஒரு சட்டம். எதிர்ச் சுவரிலும், தலைக்கு மேலே கூரையிலும் இதேபோல. கூரையில் மாட்டும்போது மின்விசிறி இறக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலைகளை மறக்கக் கூடாது. இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் எல்லாக் கீழ் ஒலியும் குவியும். மூலையின் குறுக்கே சட்டத்தைச் சாய்த்து நிறுத்தினால் பின்னால் முக்கோணமாக இடம் கிடைக்கும். அதையும் ராக்வூலால் நிரப்பினால் இன்னும் நல்லது. தரையிலிருந்து கூரை வரை இரண்டு மூலையை இப்படி நிரப்பிய அன்றைக்குத்தான் என் அறையில் மிருதங்கத்தின் தொப்பி (கீழ் ஒலி எழுப்பும் இடப் பக்கம்) ஒலி அடித்த அடியோடு நின்றது. அதற்கு முன்னால் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் மேல் வழிந்துகொண்டிருக்கும்.

எல்லாச் சுவரையும் மூடிவிடவும் வேண்டாம். பாடுபவருக்குத் தன் குரல் கொஞ்சமாவது திரும்பிக் கேட்க வேண்டும். முழுக்கச் செத்துப்போன அறையில் தொண்டையை அழுத்திக் கத்திப் பாடிவிடுவார்கள். நான் ஒரு சுவரில் புத்தக அலமாரியை அப்படியே விட்டிருக்கிறேன். எங்கே நிறுத்துவது என்று அளந்து பார்க்க விரும்பினால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்பீக்கர் வழியாகக் கீழிருந்து மேல்வரை ஒரு ஒலியை ஓடவிட்டு, எந்த இடத்தில் அறை வீங்குகிறது, எங்கே பள்ளம், எது எவ்வளவு நேரம் நீள்கிறது என்று படமாகப் போட்டுக் காட்டிவிடும். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் வீக்கத்தை இந்தச் சிறிய அறையில் பஞ்சால் அடக்க இடம் போதாது. அந்தப் பகுதியை ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சட்டங்கள் எல்லாம் மாட்டி முடித்த பிறகும் மிருதங்கப் பதிவில் தொப்பி அடிக்கும்போதெல்லாம் மெல்லிய 'ஜ்ர்ர்' ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. வார் தளர்ந்திருக்கிறதோ என்று வாசித்தவர் பார்த்தார், மைக் ஸ்டாண்டைப் பார்த்தோம், ஒயரைப் பார்த்தோம். அரை நாள் போனது. கடைசியில் அவர் தொப்பியை அடித்துக்கொண்டே இருக்க, நான் அறையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பொருளாகக் கையை வைத்து அமுக்கினேன். இரும்பு பீரோவின் கைப்பிடியைப் பிடித்ததும் சத்தம் நின்றது. இப்போது அதில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. நீங்களும் பதிவுக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஒரு கீழ் ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே அறையை ஒருமுறை சுற்றி வந்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடி, டியூப் லைட் பட்டி, சுவரில் மாட்டிய படச்சட்டம் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஆணியில் சாவிக்கொத்து தொங்கினால் அதையும் எடுத்து மெத்தை மேல் போட்டுவிடுங்கள்.